ஓய்வுக்குறியை ஒரு நூல் நகர்த்துகிறவர்

02-06-2024 — 4
09-06-2024 — 19
16-06-2024 — 41
30-06-2024 — 41
14-07-2024 — 112
28-07-2024 — 206
11-08-2024 — 305
25-08-2024 — 418
ஆகக் கூடுதல் — 1,146

வட்டிக் கணக்கு என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். ஒரு மனிதர், எண்பத்தைந்து நாட்களில், ஒரே ஒரு பாட்டில், பாடாமல் நிற்க வேண்டிய இடங்களுக்குப் போடும் குறிகளை எத்தனை முறை இடம் மாற்றினார் என்பதன் கணக்கு இது. அந்தப் பாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் ஐம்பத்தெட்டு. சராசரி போட்டால் ஒவ்வொரு மௌனமும் ஏறக்குறைய இருபது முறை இடமாற்றம் பெற்றிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணியில் நான் பார்த்த மிகக் கெட்ட பெயரெடுத்த தாசில்தாருக்குக்கூடப் பதினோரு இடமாற்றம்தான்.

இந்த வகை மனிதருக்கு 'ஒரு நூல்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கொத்தனாரும் தச்சரும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள். அவர்களுக்கு அது அளவு. இவருக்கு அது மதம்.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். கல்யாண மண்டப வாசலில் மணமக்கள் பெயர்ப்பலகை கட்டும்போது, ஏணியில் நிற்கிற பையனைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து, "இன்னும் சித்த மேல, போதும் போதும், அடடா போச்சு, இடது பக்கம் மட்டும் ஒரு நூல் எறக்கு" என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, முகூர்த்தம் முடிந்து, மூன்றாம் பந்தியில் ரசம் ஊற்றும் வேளையிலும் அதே இடத்தில் அதே வாக்கியத்தோடு நின்றுகொண்டிருப்பவர் இவர்தான். பத்திரிகை அச்சடிக்கும் கடையில், கணினிக்கு முன்னால் இருக்கும் பெண் தலைவலி மாத்திரை வாங்க ஆள் அனுப்புகிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரும் இவர்தான். குழுப்படம் எடுக்கும்போது கடைசி வரிசையில் இருந்து நடந்து வந்து முதல் வரிசைப் பாட்டியின் தலையைக் கையால் பிடித்துத் திருப்பிவிட்டுப் போவதும் இவரே. படத்தில் எல்லோரும் நேராக இருப்பார்கள். இவர் மட்டும் நடந்துகொண்டிருப்பார்.

சோம்பேறி என்று யாரும் இவரைச் சொல்ல முடியாது. சோம்பேறியாக இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

இவருக்கு மூன்று வாக்கியங்கள் உண்டு. 'முடிஞ்ச மாதிரிதானுங்க' என்பது முதல் வாக்கியம். வேலை இன்னும் தொடங்கவில்லை என்று இதற்குப் பொருள். 'இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி' என்பது இரண்டாவது. இதைக் கேட்டால் வெளியூர்ப் பயணம் இருக்கிறவர்கள் போய்விட்டு வரலாம். மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம்: 'உங்க கண்ணுக்குத் தெரியாதுங்க.' இதற்குப் பதில் சொன்னவர் இதுவரை இல்லை.

பெயர்ப்பலகையும் பத்திரிகையும் நகர்த்துகிறவர்கள் சாதாரண ரகம். இல்லாத ஒன்றை நகர்த்துகிறவர் அபூர்வ ரகம். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். பெயர் வெங்கடாசலம். வயது அறுபத்தெட்டு. மேட்டூரில் ஓர் ஆலையில் மீட்டர்களின் முள் சரியாகச் சுழியத்தில் நிற்கிறதா என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் பார்த்து ஓய்வு பெற்றவர். முள் சுழியத்தில் நின்றால் அடுத்த மீட்டருக்குப் போவார் என்று நீங்கள் நினைக்கலாம். முள் ஏன் நிற்கிறது என்று பார்ப்பார்.

எங்களுக்கு என்றால் யாருக்கு? ஆட்டையாம்பட்டியில் ஒரு முறுக்குக் கம்பெனியின் மாடியில் ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூடும் சேர்ந்திசைக் குழுவுக்கு. பதினாறு பேர், நாலு குரல். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல். ஆண்களில் மேல்குரல், கீழ்க்குரல். கற்றுத் தருகிறவர் மைதிலி, சேலத்தில் ஒரு பள்ளியில் பியானோ ஆசிரியை. வருகைப் பதிவேடும் நடவடிக்கைக் குறிப்பும் என் பொறுப்பு. என் குரல் அதற்கு மேல் எதற்கும் தேறாது என்று மைதிலி முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தப் பாட்டைக் கட்டியவர் பெரியநாயகி. வீட்டோடு சேர்ந்த பட்டறையில் எட்டு விசைத்தறி ஓடும். இவர் தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றுவார். பெண்களின் கீழ்க்குரல். பாட்டு எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

"தறி ஓடறப்ப பாடிக்கிட்டேதானுங்க இருப்பேன். என்ன பாடறேன்னு எனக்கே கேக்காது. கரண்டு போகும் பாருங்க, எட்டுத் தறியும் படக்குனு நிக்கும், பக்கத்து ஊட்டுத் தறியும் நிக்கும், தெருவே நிக்கும். அப்பத்தான் கேக்கும், அட நம்ம பாடிக்கிட்டு இருந்தமான்னு."

பாட்டும் அதேதான். நாலு குரலும் தறி ஓசையைப் பின்னிக்கொண்டே போகும். முப்பத்தேழாவது தாளக் கட்டத்தில் கரண்டு போகும். மூன்று எண்ணிக்கைக்கு நாலு குரலும் அடங்கும். பிறகு "கரண்டு வந்தாச்சு" என்று தொடங்கி முடியும். கோயமுத்தூரில் ஓர் அமைப்பு அக்டோபர் 20-ஆம் தேதி சேர்ந்திசை விழா நடத்துவதாக அறிவித்தது. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். தாளைப் பார்த்தே தேர்வு. பத்துக் குழுவுக்கு மட்டும் இடம். நாலு குரலும் அச்சில் எழுதப்பட்டு ஆகஸ்ட் 31-க்குள் வந்து சேர வேண்டும். ஐம்பத்தாறு வயதில் பெரியநாயகி தன் பாட்டு ஒரு மேடையில் ஒலித்து, நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று விரும்பினார். வேறொன்றும் கேட்கவில்லை.

மைதிலி கையால் எழுதியிருந்தார். அச்சுக்கு யார்? "நான் இருக்கறேனுங்க. ரெண்டு நாள் வேலை" என்றார் வெங்கடாசலம்.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு குரல் பாட்டைத் தாளில் எழுதும்போது ஸ்வரங்கள் உட்காரும் ஐந்து கோட்டு வரி ஒன்றிலேயே இரண்டு குரலைக் குடிவைப்பார்கள். மேல்குரலின் ஸ்வரங்களுக்குக் காம்பு மேலே, கீழ்க்குரலுக்குக் காம்பு கீழே. பாடும்வரை சண்டை இல்லை. பாடாதபோதுதான் சண்டை. ஒருவர் பாட, இன்னொருவர் சும்மா நின்றால், சும்மா நிற்பவரின் ஓய்வுக்குறி பாடுகிறவர் மேல் ஏறி உட்காராமல் ஒதுங்கி நிற்க வேண்டும். இருவருமே சும்மா நின்றால் குறி இரண்டா, ஒன்றா? நிற்க வேண்டியது கோட்டின் மேலா, கீழா, நடுவிலா? சாதாரண மனிதருக்கு இவை கேள்விகளே அல்ல.

வெங்கடாசலம் பிடித்த மென்பொருளில் எதையும் மவுஸால் பிடித்து இழுக்க முடியாது. கடிதம் எழுதுவதுபோல எழுத்துகளாகத் தட்ட வேண்டும். பிறகு ஆணையிட்டால் சற்று யோசித்துவிட்டுத் தாளைத் தரும். ஒரு குறி இடறுகிறதா? மறுபடி எழுத்துக்குப் போய், எவ்வளவு மேலே என்று எண்ணில் எழுதி, மறுபடி ஆணையிட வேண்டும். என் போன்றவர்களுக்கு இது நல்ல வேலி. இழுக்க முடியாவிட்டால் விட்டுவிடுவோம். அவருக்கோ எண்ணில் எழுதலாம் என்று தெரிந்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. எண் என்றால் தசமப் புள்ளி உண்டல்லவா?

முதல் ஞாயிறு நாலு குறிகளை நகர்த்தினார். உண்மையாகவே மோதிக்கொண்டிருந்தவை. அன்றே அந்தத் தாளைத் தபாலில் போட்டிருக்கலாம். எண்ணிக்கையை அவரே பெருமையாகச் சொன்னார், நான் பதிந்தேன். அடுத்த ஞாயிறு பத்தொன்பது. அன்று மருதாசலம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இவர் ஆண்களின் கீழ்க்குரல். திருச்செங்கோட்டுப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். இவர் இருமினால் மாடிக் கண்ணாடி அதிரும்.

"ஏனுங்க சார், பாக்கிப் பேருதெல்லாம் கோட்டுக்குள்ள இருக்குது. எங்குளுது மட்டும் கோட்டத் தாண்டி அக்கட்ட கெடக்குதே, அது என்னங்க, புறம்போக்கா?"

"அது தானா தள்ளறதுங்க. ரெண்டு குரல் ஒரு கோட்டுல இருந்தா ஒண்ணை மேல, ஒண்ணைக் கீழ ஒதுக்கிரும். மோதாம இருக்கோணுமில்லீங்களா?"

"யாரு யாரு மேலைங்க மோதறது? ரெண்டு பேரும் சும்மாதான நிக்கறோம்?"

வெங்கடாசலம் அன்றிரவு தூங்கவில்லை என்று அடுத்த வாரம் சொன்னார். ஜூன் 16-ஆம் தேதி, இருவரும் சேர்ந்து நிற்கும் நாற்பத்தோரு இடங்களிலும் இரண்டு குறிகளை ஒன்றாக்கி நட்டநடுவில் வைத்துக் கொண்டுவந்தார். தாள் சுத்தமாக இருந்தது. மைதிலி கைதட்டினார். ஆண்களின் மேல்குரலான நந்தகுமார், போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு உதிரி பாகம் விற்கிறவர், எதையும் கேட்டு வாங்கிப் பழகியவர், மெதுவாகக் கேட்டார்:

"இது யாருதுங்க? எனக்கா, அண்ணனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் பொதுங்க."

"ஆகாது சாமி" என்றார் மருதாசலம். "கூட்டுப் பட்டாவே வேண்டாம். எங்கப்பனும் சித்தப்பனும் ஒரு கெணத்துக்கு முப்பது வருசம் கோர்ட்டுக்கு நடந்தாங்க. எனக்குத் தனியா ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

ஜூன் 30: நாற்பத்தொன்றும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டன. பட்டியலில் ஒரே எண் இரண்டு முறை வருவதை எழுத்துப் பிழை என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

ஜூலை 14-ஆம் தேதி பெரிய கண்டுபிடிப்போடு வந்தார். அந்த மென்பொருளில் கண்ணுக்குத் தெரியாத ஓய்வு ஒன்று உண்டாம். நேரத்தை எடுத்துக்கொள்ளும், இடத்தை எடுத்துக்கொள்ளாது. நூற்றுப்பன்னிரண்டு மாற்றங்களில் பாதிக்கு மேல் அப்படி மறைந்து போயிருந்தன.

"இங்க ஒண்ணுமே இல்லீங்களே சார்?" என்றார் பெரியநாயகி.

"இருக்குதுங்கம்மா. தெரியாது."

"எங்கீங்க?"

"அந்த எடத்துலயேதான்."

"சாமி மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப இருக்குதுன்னு நம்பிச் சும்மா இருக்கறதா, இல்லைன்னு பாடிப்போடறதா?"

கீழ்க்குரல் பெண்கள் நால்வரில் இருவர் நம்பினார்கள், இருவர் பாடினார்கள். அந்த வாரக் குறிப்பேட்டில் 'பயிற்சி பாதியில் நின்றது. முறுக்கு சாப்பிட்டோம்' என்று எழுதியிருக்கிறேன்.

மைதிலி பொறுமைசாலி. இருந்தும் ஒரு நாள் சொன்னார். "சார், குறி எங்க இருந்தாலும் நாங்க நிறுத்திருவோம் சார். படிக்கத் தெரிஞ்சாப் போதும்." உப்பு எவ்வளவு இருந்தாலும் சாப்பிட்டுவிடுவேன் என்று சொல்லும் விருந்தாளியை ஒரு நல்ல சமையல்காரர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி அவரைப் பார்த்தார் வெங்கடாசலம். "உங்க கண்ணுக்குத் தெரியாதுங்க டீச்சர்."

ஜூலை 28-க்கு அடுத்த கண்டுபிடிப்பு. ஒரு ஸ்வரத்தின் பெயரை எழுதி, அதன் வாலில் 'ஓய்வு' என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டிவிட்டால், அந்த ஸ்வரம் உட்காரும் உயரத்தில் மௌனம் போய் உட்காருமாம். அதாவது ஒவ்வொரு மௌனத்துக்கும் இனி ஒரு சுருதி உண்டு. இதை யோசித்துப் பாருங்கள். பாடாமல் இருக்கிறவர் எந்த ஸ்வரத்தில் பாடாமல் இருக்கிறார் என்று முடிவு செய்ய ஒரு மனிதர் கிடைத்துவிட்டார். இருநூற்றாறு. ஆகஸ்ட் 11-இல் அதற்கும் மேலே தசமம் சேர்த்தார். முந்நூற்றைந்து. அந்த மாற்றங்களைப் பார்க்க எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்தார். பார்த்தேன். கண்ணாடியில் கீறல் இருந்தது.

பெரியநாயகி ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் வந்து ஒரே கேள்வி கேட்பார். "இன்னும் எத்தன நாளுங்க?" நாற்பத்தெட்டு, முப்பத்துநாலு, இருபது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆகஸ்ட் 25 அன்று ஆறு என்றேன்.

"சார், ஆறே நாளுங்க."

"முடிஞ்ச மாதிரிதானுங்கம்மா."

அன்று உண்மையாகவே முடித்துக் கொண்டுவந்திருந்தார். முந்தைய பதினாலு நாட்களில் நானூற்றுப் பதினெட்டு. பதினாறு படி, சுருள் கம்பி போட்டு, மேலட்டை ஒட்டி. பார்க்க ஒரு குறையும் சொல்ல முடியாது. பாடத் தொடங்கினோம். தறி ஓடியது. நாலு குரலும் பின்னிக்கொண்டு ஏறின. முப்பத்தேழாவது கட்டம் வந்தது. கரண்டு போனது. பெண்களின் மேல்குரல் அடங்கியது, கீழ்க்குரல் அடங்கியது, நந்தகுமார் வாயை மூடினார், ஆண்களின் கீழ்க்குரலில் மூவர் தாளைப் பார்க்காமல் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள்.

"க...ஆ...ஆ" என்று பாடினார் மருதாசலம்.

மூன்று எண்ணிக்கையும் முழுதாக, நெஞ்சு நிறைய. கீழே முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

"யாருங்க அது?" என்றார் மைதிலி, தெரிந்துகொண்டே.

"நானுங்க டீச்சர்."

"அங்க யாரும் பாடக் கூடாதுங்க."

"தாள்ல இருக்குதுங்களே. இங்க பாருங்க, ஒண்ணு குண்டா ஒக்காந்திருக்குது. கீழ 'க'ன்னு எழுத்தும் போட்டிருக்குது. இருக்கறதப் பாடாம உட்டாலும் குத்தம்தானுங்க?"

பார்த்தோம். இருந்தது. அந்த ஒரு மௌனத்தை ஒரு நூல் கீழே இறக்கும்போது ஸ்வரத்தின் பெயரை மாற்றி எழுதியவர், வாலில் 'ஓய்வு' ஒட்ட மறந்துவிட்டார். வால் போனதும் மௌனம் ஸ்வரமாகிவிட்டது. ஸ்வரம் என்று ஒன்று வந்தால் அதற்கு ஓர் எழுத்து வேண்டுமே! அந்த மென்பொருள் நேர்மையானது. அடுத்துக் காத்திருந்த "கரண்டு வந்தாச்சு"விலிருந்து முதல் எழுத்தை எடுத்து அங்கே வைத்துவிட்டது. அதிலிருந்து ஆண்களின் கீழ்க்குரல் முழுவதும் மற்றவர்களைவிட ஓர் எழுத்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடியும் இடத்தில் எல்லோருக்கும் ஓர் எழுத்து இருந்தது. மருதாசலத்துக்கு மட்டும் ஸ்வரம் இருந்தது, எழுத்து இல்லை. திறந்த வாயோடு நின்றார்.

வெங்கடாசலம் துணிப்பையில் இருந்து மடிக்கணினியை எடுத்தார். "ஒரே ஒரு சொல்லுங்க. ரெண்டு நிமிசம்" என்றார். நாங்கள் சுற்றி நின்றோம். முப்பத்தேழாவது கட்டத்தைத் தேடிப் போகிற வழியில் இருபத்திரண்டாவது கட்டத்தில் கண் நின்றது. "அட, இது ஒரு நூல் தூக்கி நிக்குதே. அப்புடியே இதையும்..."

பெரியநாயகி வந்து கணினியின் மூடியைத் தன் கையால் மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"வேண்டாம் சார். தொறக்காதீங்க."

"தப்பு இருக்குதேம்மா."

"இருக்கட்டுங்க. தப்பில்லாம இங்கயே கெடக்கறதுக்கு, தப்போட கோயமுத்தூர் போறது தேவலை."

ஆகஸ்ட் 27 அன்று விரைவுத் தபாலில் நானே போட்டேன். 29-ஆம் தேதி சேர்ந்தது. ரசீது இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பத்துக் குழுவில் நாங்களும் ஒன்று. கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'முப்பத்தேழாவது கட்டத்தில் ஊரே இருண்டு மூன்று குரல்களும் அடங்கியிருக்க, ஆண் கீழ்க்குரல் மட்டும் தனித்து ஒலிப்பது அருமையான கற்பனை. வசதியுள்ள ஒரு வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுவதாக எங்கள் நடுவர்கள் படித்து மகிழ்ந்தனர்.'

மருதாசலம் அந்த வரியை நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். வெங்கடாசலம் நகலில் அந்தப் பத்தி ஒரு நூல் சாய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். பெரியநாயகி மட்டும் சந்தோஷப்படவில்லை.

"ஜெனரேட்டரா? எங்க தெருவுல யாரு ஊட்டுலைங்க ஜெனரேட்டர் இருக்குது? கரண்டு போனா எல்லாத்துக்கும்தான் போகும். அந்த மூணு எண்ணிக்கைக்குத்தான் நான் இந்தப் பாட்டையே கட்டுனேன். அதுல போயி அவரு ஊட்டுக்கு மட்டும் வெளிச்சமா?"

தாளில் உள்ளதைத்தான் மேடையில் பாட வேண்டும் என்பது விதி. மாற்றம் இருந்தால் அக்டோபர் 10-க்குள் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு முறை யாரும் கேட்காமல் மௌனத்தை நகர்த்தியவரிடம், முதல்முறையாக ஒருவர் வந்து, ஒரு மௌனத்தை அதன் இடத்தில் வையுங்கள் என்று கேட்டார். "ஒரு வாரம் குடுங்கம்மா" என்றார் வெங்கடாசலம்.

செப்டம்பர் 29-ஆம் தேதி வந்தார். முப்பத்தேழாவது கட்டம் மட்டும், பதினோரு விதமாக, பதினோரு தாளில். நாலு பேரும் சும்மா இருக்கிறார்கள் அல்லவா? அப்படியானால் கோட்டுக்கு ஒரு குறியா, ஆளுக்கு ஒரு குறியா. ஆளுக்கு ஒன்று என்றால் நாலும் ஒரே நேர்கோட்டிலா. மருதாசலம் முன்பு பாடிய இடம் என்பதால் அவருடையதைக் கொஞ்சம் அழுத்தமாகவா?

"எதுங்கம்மா நல்லாருக்குது?"

"எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்குது சார்."

"உங்க கண்ணுக்கு..."

"தெரியாதுங்க. வாய்க்குத் தெரியும்." பெரியநாயகி மருதாசலத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணா, அந்த எடத்துல வாயை மூடிக்கிறீங்களா?"

"நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்களேம்மா."

"ஊட்டுக்குப் போயி கோழிகிட்டப் பாடுங்க. அதுங்க கேக்கட்டும்."

மருதாசலம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பெரிய பெருமூச்சு விட்டார். அதுவும் கீழ்க்குரலில்தான் வந்தது. "சரி சாமி. மூணு எண்ணிக்கைதானுங்களே" என்றார். கீழ்க்குரல் ஆண்கள் நாலு பேரும் 'க'வைப் பேனாவால் அடித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக ஓர் இடம் தள்ளி எழுதிக்கொண்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆயிற்று.

என்னிடம் ஓர் அஞ்சலட்டை இருந்தது. பெரியநாயகி நின்றபடியே எழுதினார்: 'எங்கள் பாட்டில் 37-வது கட்டத்தில் யாரும் பாட மாட்டோம். மருதாசலமும் பாட மாட்டார். சம்மதம் தெரிவிக்கவும். பெரியநாயகி, ஆட்டையாம்பட்டி.'

வெங்கடாசலம் எட்டிப் பார்த்தார். "ஓரம் விடலீங்களே" என்றார்.

மறுநாள் காலை அட்டை பெட்டிக்குள் விழுந்தது. அதன்பிறகு தினமும் பதினொரு மணிக்குப் பெரியநாயகி எனக்கு ஃபோன் செய்வார். தறி ஓடுகிற சத்தத்தில் அவர் கேட்பது எனக்குக் கேட்காது. என்ன கேட்கிறார் என்று தெரியும் என்பதால், இன்னும் வரவில்லை என்று கத்துவேன்.

இதற்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்: நல்லவேளை, நான் இந்த ரகம் இல்லை. சந்தோஷம். இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே மேசைமேல் இருந்த கண்ணாடிக்கூட்டை மேசை விளிம்புக்கு இணையாகத் திருப்பி வைத்தது யார்? மகள் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பத்தை, 'சும்மா ஒரு பார்வை பார்த்துத் தருகிறேன்' என்று வாங்கி, கடைசித் தேதிக்கு மறுநாள் மிகவும் திருத்தமாகத் திருப்பிக் கொடுத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடிக்கும்போது மாடியில் இருந்து எட்டிப் பார்த்து நீங்கள் சொன்ன அந்த இரண்டு சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். ஒப்பிப்பார்கள். அப்புறம், இந்தக் கட்டுரையில் எங்கேயோ ஒரு காற்புள்ளி தேவையில்லாமல் நிற்கிறது என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தால், ஐயா, அதை விட்டுவிடுங்கள். அதனால் யாருடைய பாட்டும் நிற்காது.

விழா அலுவலகத்தின் கடிதம் மூன்றே வரி: 'தங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. 37-வது கட்டத்தில் யாரும் பாட வேண்டாம், திரு. மருதாசலத்துக்கும் இது பொருந்தும். 20-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடவும்.' ஃபோனில் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்டு போகவில்லை, அவர்தான் நிறுத்தினார். "இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தேன்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 09-10-2024, புதன்கிழமை.